மண்ணுத்தி வர்க்கி

சொன்ன சொல்லுக்காக வாழ்ந்து, சொன்ன சொல்லோடு மறைந்த மனிதர்கள் இந்த உலகத்தில் மிகச் சிலர். அந்த மிகச் சிலரில் ஒருவரான குப்பண்ணன், கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம், தன் வீட்டு வாசலில், ஆம்புலன்சுக்குள் பாதியும் வெளியே பாதியுமாகக் காத்துக் கிடந்தார். ஸ்ட்ரெச்சரின் சக்கரம் ஒன்று கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டுவிட்டது. தலை முதலில் வீட்டுக்குள் போக வேண்டுமா, கால் முதலில் போக வேண்டுமா என்று வேறு வாசலில் ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. விவாதித்த ஆறு பேரும் ஆளுக்கு இருபது சாவாவது பார்த்தவர்கள். அதனால் முடிவு வரவில்லை.

மருதாத்தாள் நிலைப்படிக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை இன்னும் வரவில்லை. மண்ணுத்தியில் மா விவசாயிகள் கருத்தரங்கு என்று நேற்றுக் காலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய மனுஷன், இன்று முற்பகலில் குன்னூரில் செத்துப்போனதாகப் போன் வந்தபோது, "அது வேற ஆராச்சுமா இருக்குமுங்க. எங்கூட்டுக்காரரு திருச்சூர்ப் பக்கமல்ல போயிருக்காரு" என்று வைத்துவிட்டாள். இரண்டாவது முறையும் அதையே சொன்னாள். மூன்றாவது முறை கோயமுத்தூரிலிருந்து மகன் கோபிநாத் கூப்பிட்டான். "இந்த வருஷம் செமினார குன்னூருக்கு மாத்திட்டாங்கம்மா" என்றான். அழுதுகொண்டே சொன்னதால் அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மாமரத்துக்கும் குன்னூருக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் ஒரு கணம் தோன்றியது.

ஆனால் இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது குப்பண்ணனை அல்ல. ஸ்ட்ரெச்சரின் கால்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தபடி, அழுக்கு வேட்டியும் இரண்டு நாள் தாடியுமாக ஆம்புலன்சிலிருந்து இறங்கியவனை. அவள் கூடப் பிறந்த தம்பி, வண்ணாமடை ஆறுச்சாமி. பதினேழு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவன்.

மிதிக்காததற்குக் காரணம் ஊரறிந்தது. மகள் யோகப்பிரியாவின் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் கொண்டுவந்தான் ஆறுச்சாமி. முப்பத்தோரு தட்டம், மேளம், வேன். மண்டபத்து வாசலில் பெண்ணைப் பெற்றவர் நின்று சந்தனம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். அந்த நேரம் பார்த்து மேடையில் கட்சிக்காரர் ஒருவரோடு போட்டோவுக்கு நின்றுவிட்டார் குப்பண்ணன். கட்சிக்காரர் கண்ணை மூடிவிட்டதால் இரண்டாவது போட்டோ. துண்டு சரியில்லை என்று மூன்றாவது. ஆறுச்சாமி இருபது நிமிஷம் வெயிலில் நின்றுவிட்டு, முப்பத்தோரு தட்டத்தையும் அதே வேனில் ஏற்றித் திரும்பிப் போனான். வாழைப்பழம்கூட இறங்கவில்லை. அன்று சாயங்காலம் குப்பண்ணன் ஊர் முன்னால் நின்று சொன்னார்: "அவன் என்ற வாசப்படிய மிதிக்கறதுன்னா, அது என்ற பொணம் உள்ள வர்ற அன்னிக்குத்தான்."

ஊர் சிலிர்த்துப் போனது. குப்பண்ணனின் மதிப்பு ஏறியது. இவ்வளவு பெரிய வார்த்தைக்கு ஆளானவன் என்று ஆறுச்சாமியின் மதிப்பும் ஏறியது. பிறந்த வீடு இல்லாமல் போனது மருதாத்தாளுக்கு மட்டும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஆத்தா செத்தபோதுகூட, "போறதுன்னா போ. திரும்பி வர்றப்ப நான் இருக்க மாட்டேன்" என்றார் குப்பண்ணன். வண்ணாமடை எட்டு கிலோமீட்டர். அவள் பஸ் ஏறிப் போய், ஊருக்குள் நுழையாமல், முக்கில் இருந்த பால் சொசைட்டிப் படியில் நின்றாள். பாடை போனது. ஆத்தாளின் மூக்குக்கண்ணாடியை யாரோ கழற்ற மறந்திருந்தார்கள். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

இப்போது பிணமும் உள்ளே வந்தது, ஆறுச்சாமியும் உள்ளே வந்தான். சொன்னபடி, சொன்ன வரிசையில். இதை முதலில் கவனித்தவர் உள்ளூர்ப் பால் சொசைட்டி பிரசிடென்ட் நாட்ராயன். எந்தச் சாவிலும் நாலு வார்த்தை பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"பாத்தீங்களா!" என்று குரலை உயர்த்தினார். "என்ற பொணம் வர்ற அன்னிக்குத்தான்னாரு. வாக்கு மாறுச்சா? செத்தும் மாறலீங்க! இதுல இன்னொண்ணு பாருங்க. எத்தனையோ பெட்டி இருக்கற ரயில்ல, பகையாளி ரெண்டு பேரு ஒரே பெட்டில ஏறி, பகையாளி மடியிலயே உசுரு போகுதுன்னா, இது ஆண்டவன் போட்ட கணக்கில்லாம வேறென்ன?"

அப்படித்தான் நடந்தது என்று கோபிநாத்தும் சொன்னான். கருத்தரங்கு முடிந்து, சும்மா பார்க்கலாமே என்று அப்பா மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினாராம். முட்டைக்கோஸ் நாற்று வாங்கப் போன மாமனும் தற்செயலாக அதே பெட்டியில் இருந்தாராம். கருத்தரங்கு குன்னூரில் என்றால் முடிந்த பிறகு ஏன் மேட்டுப்பாளையத்தில் ஏற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எழவு வீட்டில் நேரம் காலம் பார்த்தா பேச முடியும்.

ஆறுச்சாமி அவள் முன்னால் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. "அக்கா" என்றான். அவ்வளவுதான், மருதாத்தாளுக்கு உடைந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "போறப்பவாச்சும் என்ற தம்பியக் கொண்டாந்து உட்டுட்டுப் போனீங்களே சாமி!" என்று கதறினாள். சுற்றி நின்ற பெண்களும் கதறினார்கள். நாட்ராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சாயங்காலம் அவளுக்கு ஒரு கை போய் ஒரு கை வந்தது போல இருந்தது. அப்படி நினைத்ததற்காகக் குப்பண்ணனின் ஐஸ் பெட்டியைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு கொல்லங்கோட்டிலிருந்து பிளெக்ஸ் வந்தது. இரண்டு. ஒன்றில் மலையாளத்தில் ஆதராஞ்சலிகள். மற்றதில் தமிழில் கண்ணீர் அஞ்சலி. கீழே 'சொன்ன சொல் தவறாத செம்மல்'. பிளெக்ஸ் கடை ரிஜின் ஏணி போட்டு வேப்ப மரத்தில் கட்டிக்கொண்டிருந்தான். மருதாத்தாள் முகம் கழுவ வெளியே வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

படத்தில் குப்பண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல் தெரியச் சிரிப்பு. நாற்பத்தொரு வருஷத்தில் அந்தக் கடைவாய்ப் பல்லை அவள் பார்த்தது, பல் டாக்டரிடம் கூட்டிப்போன அன்று மட்டும். மீசை கருப்பாக இருந்தது. அவர் மை போடுவதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. பின்னால் வெள்ளைப் புகை. தோளின் மேல் ஒரு கை. கைக்குச் சொந்தக்காரன் படத்தில் இல்லை. மூன்று விரல் முழுதாக இருந்தது, சுண்டு விரல் பாதி.

ஆறுச்சாமிக்கு எட்டு வயசில் தீவனம் வெட்டும் மெஷினில் போன விரல் அது. ரத்தம் கொட்டியபோது தன் தாவணியைக் கிழித்துக் கட்டியவள் மருதாத்தாள்தான்.

"ஏந்தம்பி, இந்தப் போட்டா உனக்கு ஆரு குடுத்தது?"

"கோபியேட்டன் வாட்ஸாப்புல அயச்சதாணும்மா" என்றான் ரிஜின் ஏணி மேலிருந்து. "பக்கத்துல வேற ஒராள் உண்டாயிருந்து. கட் பண்ணிட்டேன். கை மாத்திரம் போகலை. கொழப்பமில்லல்லோ?"

"கொழப்பமொண்ணும் இல்ல" என்றாள் மருதாத்தாள்.

உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். அவருடைய சட்டைகள் வரிசையாகத் தொங்கின. வருஷம் ஒரு முறை மண்ணுத்தி போய்வந்த சட்டையின் காலரில் கரித்துகள் இருக்கும். கேட்டால், "திருச்சூர்ல ஒரே லாரிப் பொக" என்பார். உப்பு நீரில் ஊறவைத்து, எலுமிச்சை தேய்த்து, கையாலேயே துவைப்பாள். பையில் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டும் இருக்கும், சில வருஷம் கேரட்டும். மண்ணுத்தி வர்க்கி என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்புவாள். ஊட்டி வர்க்கியை விட நன்றாக இருக்கிறது என்று ஒரு முறை அவளே சொல்லியிருக்கிறாள். குப்பண்ணன் அதற்கு, "மண்ணு வாகு அப்படி" என்றார்.

பத்து மணிக்குச் சீர் ஆரம்பமானது. பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை செத்தால், பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். கூடப் பிறந்தவன் புதுச்சேலையைத் தட்டத்தில் ஏந்தி வந்து, புருஷனை இழந்தவள் தலையில் போட வேண்டும். போட்ட பிறகுதான் பிணம் எழும். தம்பி இல்லாதவளுக்குப் பங்காளி முறையில் யாராவது வருவார்கள். தம்பி இருந்தும் வராதவளைப் பார்த்து ஊர் உச்சுக்கொட்டும். இத்தனை வருஷமும் மருதாத்தாளுக்கு உள்ளூர இருந்த பயம் அதுதான். இப்போது ஆறுச்சாமி தட்டத்தோடு வந்துகொண்டிருந்தான். தப்பட்டை முழங்கியது. நாட்ராயன் மைக்கைப் பிடித்தார்.

"பதினேழு வருஷத்துப் பகை இந்தக் கோடித் துணியில..."

"செத்த இருங்கண்ணா" என்றாள் மருதாத்தாள். தப்பட்டைக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள். சத்தம் நின்றது. "ஏஞ்சாமி ஆறுச்சாமி. மொத மொதல்ல எப்பப் போனீங்க?"

"எங்கீங்க்கா?"

"மண்ணுத்திக்கு."

ஆறுச்சாமி கோபிநாத்தைப் பார்த்தான். கோபிநாத் போனைப் பார்த்தான். போன் அணைந்திருந்தது.

"ஆராரு மூஞ்சியவும் பாக்காத. என்ற மூஞ்சியப் பாரு. உள்ளது உள்ளபடி சொன்னீன்னா இந்தக் கோடிய வாங்கிக்கறேன். இல்லாட்டி வேண்டாம். உங்க மாமா ஐஸ் பொட்டியில சொகமாத்தான் இருக்காரு. நாளைக்கு வரைக்கும் தாங்குமாமா."

"அக்கா, ஒறம்பரையெல்லாம்..."

"அவியளும் கேக்கட்டும்."

ஆறுச்சாமி தட்டத்தைக் கீழே வைக்கவும் முடியாமல், தூக்கிப் பிடிக்கவும் முடியாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டான்.

"மேட்டுப்பாளையத்துல நம்ம சித்தப்பன் ஒருத்தரு செத்தாருல்லங்க்கா. எளவுக்கு மாமாளும் வந்தாரு, நானும் போனேன். பவானியில தலை முழுகப் போனா அக்கட்டால அவரு, இக்கட்டால நானு. நம்மூருக்காரங்க ஒருத்தரும் இல்ல. 'ஏன் மாப்ள, மாடு எப்படி இருக்கு?'ன்னாரு. நல்லா இருக்குதுங்கன்னேன். அப்ப ஸ்டேசன்ல எஞ்சின் ஊதுச்சு. 'இதுல ஒருக்காப் போலாமா?'ன்னாரு. 'ஊருல சொன்னது என்னாகறது மாமா?'ன்னு கேட்டேன். 'நான் சொன்னது வாசப்படிக்குத்தான், ரயிலுக்கு ஒண்ணுஞ் சொல்லலியே'ன்னாரு."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

"எத்தன வருஷம் ஆச்சு?"

"பதிமூணு வருஷமுங்க்கா. கொரோனாவுல ரெண்டு வருஷம் ரயிலு ஓடல. பதினோரு தடவ."

மருதாத்தாளின் உதடு அசைந்தது. பதிமூன்றிலிருந்து பதினொன்று போனால் எவ்வளவு என்று அறுபத்திரண்டு வயசுப் பெண்பிள்ளை இவ்வளவு நேரம் யோசிப்பதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப, ஆத்தா சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே."

"ஆமாங்க்கா."

"பால் சொசைட்டிப் படியில நான் நின்னப்ப நீ பாத்தியா?"

"பாத்தனுங்க்கா." அவன் குரல் இறங்கியது. "முந்தின நாளே மாமா போன் போட்டுக் கேட்டாரு. 'அவளை அனுப்பட்டுமா மாப்ள?'ன்னு. அக்கா வந்தா மாமன் எறங்கி வந்துட்டான்னு அவருக்கு அசிங்கம். அக்கா மட்டும் வந்து மாமன் வராட்டி, மதிக்கலன்னு எனக்கு அசிங்கம். ரெண்டு பேரும் எப்படியெப்படியோ யோசன பண்ணிப் பாத்தோமுங்க்கா. வேண்டாம்னு முடிவாச்சு."

"ரெண்டு பேரும்."

"ஆமாங்க்கா."

மருதாத்தாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் காலை ஏழரையிலிருந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். செம்மலின் சாயம் வெளுக்கும். ஊர் வாய் பிளக்கும். பிளந்த வாயில் தன் பதினேழு வருஷத்தையும் கொட்டுவாள்.

ஊர் வாய் பிளக்கவில்லை. ஆண்கள் வேப்ப மரத்தைப் பார்த்தார்கள். பெண்கள் முந்தானையைச் சரி செய்தார்கள்.

குப்பண்ணனின் அக்கா வள்ளியாத்தாள்தான் மெதுவாக, "அதைய இப்ப எதுக்குப் புள்ள கெளர்றே" என்றாள்.

"உங்குளுக்குத் தெரியுமுங்களா நங்கையா?"

"எனக்கென்ன தெரியும். ஒரு ஏழெட்டு வருஷமாத்தான்."

"எனக்கு மூணு வருஷமாத்தாம்மா" என்று யோகப்பிரியா விசும்பினாள். "அப்பா சத்தியம் வாங்கிட்டாரும்மா."

"டிக்கெட் புக் பண்றது நானுங்கம்மா" என்றான் கோபிநாத். எப்போது முதல் என்று அவன் சொல்லவில்லை.

நாட்ராயன் மைக்கை அணைக்க மறந்து பெருமூச்சு விட்டார். அது வாசல் முழுக்கக் கேட்டது. "நானும் ஒருக்காப் போயிருக்கனுங்க தங்கச்சி" என்றார். "பஸ்ட் கிளாஸ்."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்குங்க சொல்லல?"

பதில் சொல்ல வேண்டிய ஆள் ஐஸ் பெட்டியில் இருந்தார். கோபிநாத்தான் சொன்னான். "உங்களுக்குத் தெரிஞ்சா ஆத்தா ஊட்டுக்குப் போறேம்பீங்க. நீங்க போயி வந்தா, அப்பா வாக்கு மாறிட்டாருன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும்னு..."

"ஊருக்கா?" என்றாள் மருதாத்தாள்.

ஊரே கூடிக் காப்பாற்றிய வாக்கு அது. ஒரே ஒருத்தியிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த ஒருத்தியிடமும் நேற்றுச் சாயங்காலம்கூடக் காப்பாற்றினார்கள். அவள் அழுதபோது கூடவே அழுதார்கள். அழுதது பொய்யில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால் நாலு வார்த்தை வைதிருக்கலாம்.

"சேரி" என்றாள். "நேத்து நடந்ததைச் சொல்லு. ஏறுனதுலருந்து."

"அக்கா, நேரம்..."

"ஏறுனதுலருந்து."

ஆறுச்சாமி சொன்னான். முதலில் தட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பிறகு அவனை அறியாமல் தலை நிமிர்ந்தது. ஏழு பத்துக்கு ரயில். எப்போதும்போல முதல் பெட்டி, எதிரெதிர் ஜன்னல். எஞ்சின் முன்னால் இல்லை, பின்னால் நின்று தள்ளும். கல்லாறு வரைக்கும் சமதளம். அதுவரைக்கும் மாமா மாம்பூவைப் பற்றித்தான் பேசுவார், இந்த வருஷம் பூ கருகிவிட்டது என்று. கல்லாறு தாண்டினால் தண்டவாளத்துக்கு நடுவில் பல்சக்கரப் பட்டை வரும். கடகடவென்று சத்தம் மாறும். அங்கிருந்து மாமா வேறு ஆள்.

"வேற ஆளுன்னா?"

"கொகைக்குள்ள பூந்தா பெட்டியே இருட்டாயிருமுங்க்கா. உள்ள வர்ற டூரிஸ்டுக எல்லாம் 'ஓ'ன்னு கத்துவாங்க. மொதல்ல கத்தறது மாமாதான். பதினாறு கொகை. பதினாறுக்கும் கத்துவாரு. ஒருக்கா ஒரு வடக்கத்திப் பொம்பள பயந்து போயி புருஷனக் கட்டிப் புடிச்சுக்கிச்சு."

வாசலில் சிரிப்பு எழுந்தது. வள்ளியாத்தாள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் ஒருவர், "குப்பண்ணனா! கத்தறதா!" என்று தொடையில் தட்டினார். மருதாத்தாள் சிரிக்கவில்லை. வீட்டில் குப்பண்ணனுக்குக் குரல் என்று ஒன்று இருந்ததே செருமலில்தான். ஒரு செருமல் தண்ணீருக்கு, இரண்டு செருமல் சோற்றுக்கு. பத்து வருஷமாகச் செருமலை வைத்தே குடும்பம் நடத்தியவள் அவள்.

"என்னையப் பத்தி ஏதாச்சும் பேசுவாரா?"

"பேசாமங்க்கா! புகை உள்ள வர்றப்பெல்லாம் சொல்லுவாரு. 'மருதாவையும் ஒருக்காக் கூட்டியாரலாம், அவளுக்குப் பொகை ஒத்துக்காது'ன்னு."

"நான் நாப்பது வருஷம் வெறகடுப்பு ஊதுனவ" என்றாள் மருதாத்தாள்.

கோபிநாத் ஆறாம் வகுப்பு படித்தபோது அவள் ஒரு முறை கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஊட்டி ரயிலுக்குக் கூட்டிப்போகிறார்கள், பெற்றவர்களும் வரலாமாம், போகட்டுமா என்று. அப்போதும் இந்தப் புகைதான் குறுக்கே வந்தது.

"அப்பறம்?"

"அடர்லி தாண்டி ஹில்குரோவ். அங்க எஞ்சினுக்குத் தண்ணி புடிப்பாங்க. அல்லாரும் எறங்கிருவாங்க. கொரங்கு வரும். டீ விப்பாங்க. எப்பவும் மாமாதான் மொதல்ல குதிப்பாரு. நேத்து, 'நீ போயிட்டு வா மாப்ள, நான் இப்படியே சாஞ்சுக்கறேன்'னாரு. நான் போயிட்டு வந்தேன். கண்ண மூடியிருந்தாரு. தூங்கறாருன்னு நெனச்சேன். சட்டைப் பொத்தான்கூடக் கழட்டலீங்க்கா, வேர்க்கல, ஒண்ணும் இல்ல. ரயிலு எடுத்துருச்சு."

அவன் தட்டத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்பறம் கொகை வந்துச்சு. இருட்டாச்சு. பெட்டியே கத்துச்சு. மாமா கத்தல."

தப்பட்டையின் மேல் யாருடைய விரலோ பட்டு ஒரு முறை டும் என்றது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

"அப்பத்தான் தெரிஞ்சுதுங்க்கா. வெளிச்சம் வந்ததும் தொட்டுப் பாத்தேன். அடுத்தாப்புல எல்லாக் கொகைக்கும் சனம் கத்திட்டே வந்துச்சு. போட்டா புடிச்சாங்க. நிறுத்துங்கன்னா எங்க நிறுத்தறது, ரெண்டு பக்கமும் காடு. குன்னூரு வரைக்கும் மடியில போட்டுட்டு உக்காந்திருந்தேன்."

ஆறுச்சாமி அழுதான். நேற்று அழுததைப் போல இல்லை. சத்தமே இல்லாமல், மூக்கு ஒழுக அழுதான். ஊரில் இந்தச் சாவுக்கு மற்ற எவரும் இப்படி அழவில்லை என்பதை மருதாத்தாள் கவனித்தாள். தானும் இப்படி அழவில்லை, இனி அழப்போவதும் இல்லை என்பதும் தெரிந்தது. அவளுக்குத் தெரியாத ஒருவருக்காக அவன் அழுதுகொண்டிருந்தான். குகைக்குள் கத்துகிற ஒருவர். கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிற ஒருவர். அவரை அவள் சந்தித்ததில்லை.

"மருதா" என்றாள் வள்ளியாத்தாள், அடங்கிய குரலில். "வெயிலேறுது. அவந்தான் எல்லாஞ் சொல்லிட்டானல்லோ."

சொல்லிவிட்டான். சொன்னால் வாங்கிக்கொள்கிறேன் என்று அவளும் சொல்லியிருந்தாள், ஊர் முன்னால். மாட்டேன் என்று இப்போது எழுந்து போனால், புருஷனின் வாக்கைச் செத்த பின்னும் காக்கும் உத்தமி என்று நாட்ராயன் மைக்கில் முழங்குவார். இந்த மாசக் கடைசியில் நடக்கப்போகிற அனுசோசன யோகம் என்கிற இரங்கல் கூட்டத்தில் அவளுக்கும் ஒரு பிளெக்ஸ் அடிப்பார்கள். வாங்கினால், பகையைக் கடந்த பெருந்தன்மை. இரண்டுக்கும் பேச்சு தயாராக இருந்தது. அவள் கோபத்துக்கு மட்டும் அந்த வாசலில் இடம் ஒதுக்கியிருக்கவில்லை.

அவள் ஐஸ் பெட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். "போடு" என்றாள்.

தப்பட்டை மறுபடி எழுந்தது. நாட்ராயன், "பதினேழு வருஷத்துப் பகை" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஆறுச்சாமி மண்டியிட்டு, சேலையைப் பிரித்து, அக்காளின் தலையைச் சுற்றிப் போட்டான். துணிக்குள் இருட்டாக இருந்தது. புதுத்துணியின் கஞ்சி வாசம் அடித்தது. அவன் முகம் அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. சாவு வீட்டில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். நேற்றிலிருந்து அவளிடம் பத்துப் பேர் கேட்டு, அவளுக்குப் பதில் தெரியாமல் விழித்த கேள்வி. மற்ற யாருக்கும் கேட்காதபடி இப்போது அவள் கேட்டாள்.

"கடைசியா ஏதாச்சும் தின்னாராடா?"

ஆறுச்சாமி சேலையின் நுனியைச் சரி செய்தான். பிறகு மறுபடி சரி செய்தான்.

"ஹில்குரோவ்ல மாமாளுக்கும் சேத்து நாலு வடை வாங்குனனுங்க்கா" என்றான். "தூங்கறாருன்னு நெனச்சு நாலையும் நானே தின்னுட்டேன்."